சகியூசாவின் கையில் நின்ற சிரட்டை

ஃபிஜியில், எங்கள் லம்பாசாவில் மரலாரி என்றாலே என் பெயரைத்தான் சொல்வார்கள். நாலாம் வகுப்போடு நின்றவன் நான், ஒற்றை லாரியை ஏழாக்கினேன். அந்த ஏழு லாரியையும் சேற்றில் சிக்காமல் ஓட்டத் தெரிந்தவன் என் டிரைவர் சகியூசா ஒருவன்தான்.

“முதலாளி, உங்க லாரிக்கும் பிரேக் இல்ல, உங்க பெருமைக்கும் பிரேக் இல்ல” என்று முகத்துக்கு நேரே சொல்லுவான்.

அவன் காதில் யாரோ பேசுவது சில வருடமாக மாத்திரையில் அடங்கியிருந்தது. மாத்திரையை அவனே நிறுத்தினான். ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கல்லாகிவிட்டான். பேச்சில்லை, சாப்பாடில்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது.

நான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் விரல் அசைந்தது. “தண்ணி” என்றான்.

“இது ஊசி வேலை செய்யற வரைக்கும்தான். விட்டா திரும்ப இறுகிடும். ஊசியைத் தொடரணும், தலைநகர் சுவாவுக்கு அனுப்பி மயக்கம் கொடுத்து தலையில கரண்ட் வைக்கணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டரம்மா.

அந்த நேரம் பார்த்து அவன் தாய்மாமன் இலாய்தியா வந்தான்.

“மாமா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றான் சகியூசா.

அக்கா மகன் வாய்விட்டுக் கேட்டால் பன்றியோ படகோ, தாய்மாமன் இல்லையென்று சொல்வது எங்களிடம் கிடையாது.

“யோவ், கேக்கிறது அவன் இல்லய்யா, அவன் வியாதி!” என்று கத்தினேன்.

“ஏழு லாரித் திமிரை உன் டிரைவருங்ககிட்ட காட்டு. என் அக்கா புள்ள பேசிட்டான். வேற என்ன வேணும்?”

கையோடு கூட்டிப்போய்விட்டான். அன்று சாயங்காலமே இலாய்தியா வீட்டில் பன்றி சுட்டார்கள், குடிப்பதற்கு யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தார்கள். முதல் சிரட்டை சகியூசாவுக்கு. அவன் குடித்து முடித்ததும் முறைப்படி கைதட்டுவதற்காக எல்லோரும் கையைக் குவித்துக் காத்திருந்தோம். சிரட்டை வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது.

“குடிடா, எங்க தொண்டையும் காயுது!” என்று ஒருவன் சிரித்தான். சிரட்டை அசையவில்லை, சிந்தவில்லை. குவித்த கைகளை எப்போது இறக்குவதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இலாய்தியாதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

“திரும்பவும் பேசுவான், பேசுவான்” என்று வீட்டிலேயே வைத்து ஜெபம் பண்ணினார்கள். ஒருவழியாகச் சுவாவுக்குக் கப்பலேற்றியபோது வெறும் எலும்புதான் மிச்சம். ஊசிக்கு இந்தத் தடவை அவன் அசையவே இல்லை. கரண்ட் வைத்தபிறகு ஊட்டினால் விழுங்குகிறான். அதோடு சரி. இனிமேல் திரும்புவானா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். அவர் அவன் போர்வையைச் சரிசெய்தார்.

போன வாரம் சுவாவுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இன்னொரு லாரி வாங்கிட்டேன்டா. என் பெருமைக்குப் பிரேக் இல்லன்னு சொல்லு, பார்ப்போம்.”

அவன் கையைத் தூக்கினேன். தூக்கிய இடத்திலேயே நின்றது. நானே இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.