நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யார் வீட்டு வண்டியாக இருந்தாலும் சரி. நாளாக ஆகக் கோபம் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் வங்கி அதிகாரி. வருஷக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, அப்போதுதான் இன்ஜின் பழகும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் நாற்பது என்றால் இவர் முப்பது. டாலிகஞ்ச் டிராம் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி இருக்கும்.

தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அந்த வண்டியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்த வாரமே ஹேண்டில்பாரில் குரோமியப் பூச்சு உரிந்தது. தினம் சாயங்காலம் இவர் ஸ்பானரோடு உட்கார்ந்தால் ஏதாவது ஒரு நட்டு தளர்ந்திருக்கும். புடவை சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பின்னால் வைத்திருந்த கம்பித் தடுப்பின் ஓரத்தை யாரும் ராவவே இல்லை. அது என் நல்ல புடவையைக் கிழித்தது. ஐயோ புடவை என்றேன். இவர் குனிந்து, தடுப்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜின் எண்ணெய் சொட்டி வாசலெல்லாம் கறை. "நோதுன் காரி, எக்கோனி தேல்?" என்று கீழ்வீட்டு வங்காளிக்காரர் சிரித்தார். புது வண்டி, அதற்குள் எண்ணெய் ஒழுகுகிறதா என்று அர்த்தம். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பொறுமையாக ஓட்டிப் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் மெதுவாக ஓட்டினார்.

அந்த மாதம்தான் கிடர்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ வேலைக்கு எனக்குப் பரீட்சை வந்தது. சமையலை முடித்துவிட்டு டாலிகஞ்ச் வரை நடந்து போய், வியர்க்க வியர்க்க டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டிருந்தேன். அரசு வேலைக்கான வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் வேறு பரீட்சை கிடையாது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று முந்தின நாளே சொன்னேன்.

"பஸ் எதுக்கு? நான் கொண்டு விடறேன். வண்டிக்கும் கிலோமீட்டர் ஏறும்" என்றார்.

நேரத்தோடுதான் கிளம்பினோம். அலிப்பூரில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டார். இன்ஜினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், "கிட்டயே போக முடியல்லே பாரு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

"நாழியாறது. இன்னிக்கு ஒரு நாள் வேகமாப் போங்கோளேன்."

"பிஸ்டன் பிடிச்சுண்டா என்ன பண்றது? அப்புறம் ஆயுசுக்கும் சரியாகாது."

"இந்த வேலை போனாலும்தான் ஆயுசுக்கும் கிடைக்காது."

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் கசியும் இடத்தில் ஸ்பானரைப் போட்டு முறுக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டில் இறங்கி நின்று கையைக் காட்டினேன். படிக்கட்டெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு பஸ்கள் போயின. ஒன்றும் நிற்கவில்லை.

கிடர்பூருக்குப் போனபோது பாலத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். துறைக்குள் கப்பல் வந்தால் அந்தப் பாலம் மேலே எழும்பிவிடும். இறங்கும்வரை யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. கைவண்டிக்காரர்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். கப்பல் ஆடி அசைந்து வந்தது. இவர் இன்ஜினை அணைத்தார்.

"நல்லதாப் போச்சு. நன்னா ஆறும்" என்றார்.

வண்டியோடு சேர்த்து இவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தோன்றியது.

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. பரீட்சை ஆரம்பித்துவிட்டது அக்கா, இனிமேல் விட மாட்டார்கள் என்றார் காவலாளி. கெஞ்சிப் பார்த்தேன். மாடி ஜன்னல்கள் திறந்திருந்தன. அத்தனை டைப்ரைட்டர்களும் சேர்ந்து தட்டும் சத்தம் ரோடு வரை கேட்டது. அழுகையெல்லாம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"சரி விடு. அடுத்த வருஷம் எழுதிக்கோ" என்றார் இவர்.

"எனக்கு என்ன வயசு? சொல்லுங்கோ பார்ப்போம்."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்குமா?"

எந்தக் கிலோமீட்டரில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். நான் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். இவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு என் பக்கத்திலேயே, என் நடைக்குச் சரியாக, ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏறிக்கோ. இப்படி ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தா இன்ஜின் சூடாயிடும்" என்றார்.