மூன்று முறை அலசிய பாட்டில்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மூணுதடவை. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடித்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடம், நாற்பத்திரண்டு குழாய். முதலில் குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் டியூபைக் கழற்றுவார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுடுவார். இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விடுவார். பிறகு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் குலுக்கிக் கொட்டுவார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அதற்கப்புறம்தான் சாம்பிள்.

"மூணு தடவை அலசலேன்னா கை ஒடிஞ்சிடுமா?" என்பார் ஜீப் டிரைவர்.

"அலசாத பாத்திரத்துல நீ தண்ணி பிடிச்சுக் குடிப்பியா?" என்பார் இவர்.

பாட்டில் கழுவுகிறவர்கள் மேல் அவருக்குத் தீராத கடுப்பு உண்டு. ஏழு வருடமாக ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் இரண்டு சொட்டு ஈரம் நிற்கிறது. "காய வைக்காம மூடி அனுப்புறாங்க, சோம்பேறிங்க" என்று திட்டிக்கொண்டே அலசுவார். அவர் எடுத்த ஒரு சாம்பிளிலும் இதுவரை கிருமி வந்ததில்லை. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

நாற்பத்திரண்டாவது குழாய் அவருடைய அக்கா வீட்டு வாசலில் இருந்தது. தெருவின் கோடி வீடு. அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பாள். போன வருடம் இவர்தான் அதை நிறுத்தினார். "எதுக்குக்கா கேஸை வீணாக்குற? நானே என் கையால எடுக்கிறேன், ஒரு பூச்சி பொட்டு கிடையாது" என்றார். தம்பி சொன்னால் அக்காவுக்கு அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் அத்தான் போய்விட்டார். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வராந்தாவில் அக்கா கேட்டாள். "தண்ணியில ஏதாவது இருக்குமாடா?"

"சான்ஸே இல்லக்கா. வெளியில கண்டதைச் சாப்பிட்டிருப்பாரு."

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "சொல்லச் சொல்லக் கேக்காம கண்ட இடத்துல தின்னு என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டாரே" என்று போனவரையே ஏசினாள். மனுஷன் படமாகச் சுவரில் தொங்கியும் ஏச்சு நிற்கவில்லை.

இவர் அழவில்லை. மறுவாரமே சாம்பிள் பாட்டில் வைக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி உள்ளே மரத்துக் கிடந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். தண்ணீர் எப்படி எடுக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். முதல் குழாயிலேயே கத்திவிட்டாள்.

"ஐயோ, கொட்டாதீங்க சார்! அடியில மருந்து இருக்கு!"

"எது? இந்த ஈரமா?"

"ஈரம் இல்ல சார். தண்ணியில இருக்கிற குளோரினை முறிக்கிற மருந்து. அது இல்லேன்னா லேப் வர்றதுக்குள்ள பாட்டிலுக்குள்ளயே குளோரின் கிருமியைக் கொன்னு முடிச்சிடும். அங்கே வந்து நாங்க பார்க்கும்போது தண்ணி சுத்தமா இருக்கும். ஆனா ஜனங்க அதைப் பிடிச்ச உடனே இல்ல குடிக்கிறாங்க? உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

சுற்றறிக்கை வராமலா இருக்கும்? இனிமேல் பாட்டிலில் மருந்து இருக்கும், அலசக் கூடாது என்று ஏழு வருடத்துக்கு முன்னால் வந்தது, ஆய்வக முன்வாசல் பலகையில் ஒட்டினார்கள். சாம்பிள்காரர்கள் விடிந்ததும் பின்வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். ஒட்டியதோடு ஒட்டியவர்கள் கடமை தீர்ந்தது.

மற்றக் குழாய்களில் அலசாமலே எடுத்தார். அக்கா வீட்டுக் குழாயில் மட்டும் இரண்டு பாட்டில் பிடித்தார், ஒன்றை அலசி, ஒன்றை அலசாமல். அக்கா வாசலில் நின்று, "இன்னிக்கு என்னடா ரெண்டு?" என்றாள். "சும்மாதான்க்கா" என்றார்.

மறுநாள் அந்தப் பெண் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகள் இரண்டை மேஜையில் வைத்தாள். அலசிய பாட்டிலின் தட்டு வெறுமையாக இருந்தது. மற்றதில் எண்ண முடியாதபடி புள்ளிகள், எல்லாம் மலத்தில் வாழும் கிருமி. மற்ற நாற்பத்தொரு தட்டிலும் ஒன்றும் இல்லை. கோடி வீட்டுக்குப் பக்கத்தில் எங்கோ சாக்கடை குழாய்க்குள் கசிகிறது என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். காகிதம் கொடுத்தால் முடிகிற காரியமா அது? நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மருந்து, அலசல், தட்டு. "நாளைக்குத் தோண்டுறாங்க. அதுவரைக்கும் கொதிக்க வச்சுக் குடி" என்று முடித்தார்.

அக்காவின் கை நின்றது.

"அப்போ அவர் வெளியில சாப்பிடலையா?"

"இல்லக்கா. இந்தத் தண்ணிதான். நான்தான்."

"ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் சொன்னாருடா, 'நான் எங்கேயும் எதுவும் சாப்பிடலடி, என்னை நம்பு'ன்னு." அக்கா சுவரில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்றீங்கன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவர் சொன்னதை நம்பல. நீ சொன்னதை நம்பினேன்."

அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அடிக்கவில்லை. எழுந்து, அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு பாத்திரத்தை அவரிடம் நீட்டினாள்.

"போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா. கொதிக்க வைக்கணும்."

வாசல் குழாயைத் திறந்தார். பாத்திரத்தில் கொஞ்சம் பிடித்துக் குலுக்கிக் கொட்டினார். மறுபடி பிடித்துக் கொட்டினார். மூன்றாவது முறை கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா கதவோரம் நின்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.