மஞ்சள் சிவக்காத தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் மேட்டு பங்களாவின் நீச்சல் குளத்தைச் சரி செய்தது என் வீட்டுக்காரர் என்று இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். பாதிக்குப் பாதி உண்மைதான். மீதியை என் கால்கள் செய்தன.

அவர் அந்த பங்களாவுக்குத் தோட்டக்காரர். நான் துணி துவைத்தேன். பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் என்றால் யாருக்கு ஊர்? நான் பிறந்தது இங்கேயே, கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். நாகப்பட்டினத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பழைய துரை சீமைக்குப் போனபின் பங்களா வெகுநாள் பூட்டிக் கிடந்தது. புதிதாக வந்த துரை குளத்தைப் பார்த்தபோது தண்ணீர் கறிவேப்பிலைத் துவையல் நிறத்தில் இருந்தது. தவளைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. துரை முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஆளை ஏவுகிற அளவுக்குத் தமிழ் தெரியும்.

“தொரசானி அடுத்த கப்பல்ல வருது. அதுக்கு நீந்தத் தண்ணி வேணும். ஒனக்குத் தெரியலன்னா வேற ஆளு வரும், நீ ஊருக்குப் போ,” என்றார்.

“ஆவட்டுங்க தொர,” என்று இவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

தண்ணீரை மாற்றவும் வழியில்லை. அடி மதகு துருப்பிடித்து இறுகிவிட்டது. மேட்டுக்குக் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் ஏறும். இறைத்துக் காலி செய்தாலும் மறுபடி நிரம்புவதற்குள் துரைசானி கிழவியாகிவிடுவாள். இருக்கிற தண்ணீரைத்தான் தெளிய வைக்க வேண்டும்.

இலையையும் பாசியையும் அள்ளினோம். தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தோம். கிணறுகளுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை வாங்கிக் கரைத்து ஊற்றியதும் பச்சை செத்தது. ஆனால் தண்ணீர் தெளியவில்லை, அரிசி கழுவிய தண்ணீர் போல நின்றது.

“இதுக்கு எதுக்குப் பயப்படுறே புள்ள? படிகாரம் போட்டாப் போச்சு,” என்றார். கலங்கல் தண்ணீர்க் குடத்தில் படிகாரத்தை ஒரு சுற்று உரைத்தால் அழுக்கெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அது எல்லார் வீட்டிலும் செய்வதுதான். இவர் படிகாரத்தைத் துணியில் மூட்டை கட்டிக் குளத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். ஒன்றும் உட்காரவில்லை. இன்னொரு மூட்டை இழுத்தார். கடைசியில் கண் எரிந்தது, நாக்கில் வைத்தால் புளித்தது.

புளித்தால் என்ன, சுண்ணாம்பு இருக்கிறதே! சுவருக்கு அடிக்க நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பை வாளி வாளியாக ஊற்றினார். குளம் முன்னைவிட வெளுத்துப் போனது.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணுங்க!” என்று கத்தினேன்.

“எதை வச்சு அளக்குறதாம்? ஒங்கப்பன் தராசு குடுத்தானா?” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் பூசிக் குளிக்கப் போனேன். குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. குளத்தில் ஒரு வாளி மொண்டு காலில் ஊற்றினேன். பாதம் இரண்டும் சிவந்துவிட்டன.

“அய்யோ, ரத்தம்!” என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தமாவது ஒன்றாவது! கல்யாண வீட்டில் ஆலம் சுற்ற மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறதே, அதே சிவப்பு. அவர் கேட்ட தராசு என் காலிலேயே இருந்தது.

“சுண்ணாம்பு கூடிப்போச்சுங்க. புளிப்பு கூடுனாலும் அழுக்கு உக்காராது, சுண்ணாம்பு கூடுனாலும் உக்காராது. இனிமே படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்,” என்றேன்.

ஒரு வெள்ளைத் தட்டில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவர் கரைத்து ஊற்றுவார், கலக்குவார், நான் ஒரு கை மொண்டு தட்டில் விடுவேன். முதலில் குங்குமச் சிவப்பு. பிறகு செங்கல் நிறம். மஞ்சள் மஞ்சளாகவே நின்றபோது நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பும் இல்லை. “போதும், நிறுத்துங்க!” என்றேன். அவரை நான் ஏவியதும் அவர் கேட்டதும் அன்றைக்குத்தான்.

சாயங்காலத்துக்குள் தண்ணீருக்குள் பஞ்சு பஞ்சாகத் திரண்டது. காலையில் எல்லாம் அடியில் மெத்தையாகப் படுத்திருந்தது. அதைக் கலக்காமல் ரப்பர் குழாயால் உறிஞ்சிச் சரிவில் விட்டோம். அடித்தளத்துச் சிமெண்டு விரிசல்கூடத் தெரிந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இங்கே தினம் மழை. ஒரு மழை பெய்தால் அளவு மாறும். அதனால் தட்டை நான் கீழே வைக்கவில்லை.

துரைசானி வந்து இறங்கியவள், பெட்டிகூடத் திறக்காமல் குளத்தில் குதித்தாள். கண்ணை விரியத் திறந்துகொண்டு மூழ்கி எழுந்து சிரித்தாள். துரை இவரைப் பார்த்து, “நல்லா இருக்கு. நீ இங்கயே இரு,” என்றார்.

இவர் பின்கட்டுக்கு ஓட்டமாக வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன். கல்யாணமாகி இந்த அறைக்கு வந்தபோது எங்களுக்கு ஆலம் சுற்ற ஆளில்லை. அந்தக் குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. குளத்துத் தண்ணீரைத் தட்டில் விட்டு மஞ்சளைக் கரைத்தேன். சிவக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் போட்ட பிறகுதான் சிவந்தது.

“என்ன புள்ள இது, புது மாப்பிள்ளைக்குச் சுத்துற மாதிரி?” என்று நெளிந்தார்.

“சும்மா நில்லுங்க,” என்று மூன்று முறை சுற்றி, ஆலத்தை வாசலில் ஊற்றினேன். எங்கள் வாசலில்.