ஹெலிபேடில் காய்ந்த நெல்

அருள்தாஸ் வாயைத் திறந்தால் விமானம்தான் வரும். சென்னை விமான நிலையத்தில் ஓடுதளம் கூட்டுகிற ஒப்பந்த வேலையில் பதினோரு வருஷம் இருந்தவர். ஒருநாள்கூட விமானத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாராவது பொத்தாம்பொதுவாக ‘ஏர்போர்ட்டு’ என்று சொல்லிவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது.

“இன்னாய்யா, எல்லாத்தியும் ஏர்போர்ட்டுன்ற? ஏரோட்ரோம்னா பொதுப் பேரு. அதுல கட்டடம், டிக்கெட்டு, செக்கிங்லாம் இருந்தாதான் ஏர்போர்ட்டு, நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி. வெறும் ரோடு மட்டும் கீதுன்னா ஏர்ஸ்ட்ரிப்பு. ஹெலிகாப்டருக்குன்னு ஆபீசு, பெட்ரோலுலாம் வச்சா ஹெலிபோர்ட்டு. ஒண்ணுமே இல்லாம வட்டம் போட்டு நடுவுல எச்சு எழுதினா ஹெலிபேடு. அது சும்மா ஸ்டாப்பிங்கு.”

எனக்கு எரிச்சலாக வரும். “முதல்ல ஒரு சைக்கிள் வாங்குய்யா” என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன வருஷம் ஒரு பெரிய தலைவர் வருகிறார் என்று ஏரிக்கரையோரப் புறம்போக்கில் சிமெண்டு போட்டு ஒரு ஹெலிபேடு கட்டினார்கள். வந்தார், கையை ஆட்டினார், போனார். சிமெண்டு வட்டம் மட்டும் எங்களுக்கு மிச்சம். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப்போடுகிற ஜனம் நாங்கள். வழவழவென்று ஒரு தரை சும்மா கிடந்தால் எங்களுக்குக் கை நமைச்சல் எடுக்காதா?

முதலில் கேட்டது அருள்தாஸின் மனைவி மார்த்தாள்தான். பிறந்ததிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். இந்தப் போகம்தான் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தனக்கென்று பயிர் வைத்தாள். அவர்கள் பரம்பரையிலேயே அது முதல் வெள்ளாமை. அறுத்த அன்று பார்த்து மழை பெய்து தொலைத்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொடவே மாட்டார்கள். அந்த நிலையத்தை மூடவும் மூன்று நாள்தான் இருந்தது.

“அந்த வட்டத்துல கொட்டலாமாய்யா? எதுனா வந்துடப் போவுது” என்று புருஷனைக் கேட்டாள்.

“இன்னாத்த வரப்போவுது? அது டெம்ப்ரவரி. ஒரு தபா எறங்கினதோட சரி. தெகிரியமா கொட்டு.”

ஊரே நம்பியது. விமானம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

மறுநாள் பதினோரு மணி. நான் கரைமேல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே இருந்து ஒரு சின்ன ஹெலிகாப்டர் ஒரு தினுசாக இருமிக்கொண்டு வந்தது. போகும் என்று பார்த்தால் போகவில்லை. எங்கள் ஏரியையே சுற்றியது. அதன் வாலில் புகை.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அருள்தாஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. நெல் தள்ளுகிற பலகையை எடுத்தார். குவிப்பார் என்று நினைத்தேன். ஐயோ, அந்த மனிதர் நெல்லை ஏரிக்குள் தள்ள ஆரம்பித்தார்!

“பாவி, இன்னாய்யா பண்ற!” மார்த்தாள் ஓடிவந்து அவர் முதுகில் அறைந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நெல்லு இன்ஜின்ல பூந்துச்சுன்னா உள்ள கீறவங்க அத்தினி பேரும் காலி. தள்ளு மார்த்தா, தள்ளு!”

அவள் அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. அடுத்து அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. துடைப்பத்தை எடுத்துக் குனிந்து, தன் நெல்லைத் தானே தண்ணீருக்குள் கூட்டினாள். நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

இருவரும் கரைக்கு ஓடி வந்து குப்புறப் படுத்தார்கள். மிச்சம் மீதியை விசிறிக் காற்று அடித்துக்கொண்டு போனது. ஹெலிகாப்டர் தடாலென்று உட்கார்ந்தது. மூன்று பேர் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அரை மணியில் ஊரும் கூடிவிட்டது, போலீஸும் வந்தது. “இங்க யாரு நெல்லு கொட்டச் சொன்னது?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கத்தினார். எங்கள் எல்லோர் கண்களும் அருள்தாஸ் பக்கம் திரும்பின.

“யாரும் சொல்லல சார். நானாதான் கொட்டினேன். எங்க வூட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு” என்றாள் மார்த்தாள். கண் இமைக்காமல் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அருள்தாஸ் தலையில் அடித்துக்கொண்டார். “பொய் சொல்லுது சார். நான்தான் சொன்னேன். பதினோரு வருசமா ஓடுதளத்துல ஒரு ஆணி கெடந்தாக்கூட பொறுக்குனவன் சார் நான். எல்லாம் தெரிஞ்சேதான் சொன்னேன்.” பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

மார்த்தாள் அழவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். “அழுதுக்கினு நிக்காத. கூடைய எடுத்துக்கினு எறங்கு” என்று சொல்லிவிட்டு ஏரிக்குள் இறங்கினாள். சாயங்காலம் வரை இருவரும் அள்ளியதில் ஒரு மூட்டை தேறியது. அதைக் காயவைக்க அதற்குப்பிறகு வெயில் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவிழ்த்துப் பார்த்தபோது மூட்டைக்குள் அத்தனையும் முளைவிட்டிருந்தது.