ஏற்றாத கற்பூரம்

மயிலாப்பூர் குளத்தின் நடுவில் இருக்கும் நீராழி மண்டபத்தில் வருஷம் முழுக்க யாரும் உட்காருவதில்லை. தெப்பத்தின்போது சாமி அதைச் சுற்றி வரும், அவ்வளவுதான். ஆனாலும் கறிகாய் வாங்கிக்கொண்டு குளக்கரையோடு நடக்கும்போது அதைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவது என் வழக்கம். காலி மண்டபத்தைக் கும்பிடுகிறோமே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அது தோன்றியது கொரியாவில்.

ஒரு கொரியக் கார் கம்பெனி சென்னைப் பக்கம் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்த காலம். வேலை பழக என் மகனை அவர்கள் ஊருக்கு அனுப்பினார்கள். மருமகளும் கூடப் போனாள். போன இடத்தில் உண்டானாள். இங்கே இருந்தபோது இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அதனால் அந்த ஊர் டாக்டர், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, விமானமும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அம்மா இல்லை. நான் புறப்பட்டேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், தபால்காரர் கூப்பிட்டாலே கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள், விமானம் ஏறிப் போனேன்.

போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "அத்தே, அம்மன் சந்நிதியில வேண்டிக்கினு வாங்க. கொழந்த பொறக்குற வரைக்கும் வெள்ளிக்கெழம தவறாம எனக்காகக் கற்பூரம் ஏத்துறதா சொல்லிட்டு வாங்க."

சொல்லிவிட்டுத்தான் போனேன். கரைந்து போகாமல் இருக்க நாலு மிளகு போட்டு, ஒரு டப்பா நிறையக் கற்பூரமும் எடுத்துப் போனேன்.

முதல் வெள்ளிக்கிழமை ஏற்றியதும் கூரையில் இருந்த வட்டமான ஏதோ ஒன்று ஊளையிட ஆரம்பித்தது. மேல் வீட்டுக்காரர்கள் எல்லாம் படியிறங்கி ஓடிவந்தார்கள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மகன் கதவுக்கு வெளியே நின்று, "இன்னாமா, வந்ததும் வராததுமா பில்டிங்கையே கொளுத்தப் பாத்தியா?" என்றான். மருமகள் படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏற்றவில்லை. மறுநாள் அவளுக்கு இடுப்பில் லேசாக வலி. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலமாரி மேல் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு லீவு. மலையோரம் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று மகன் கூப்பிட்டான். மண்டபம் என்றால் பக்கத்தில் சாமி இல்லாமலா? மருமகளும் அப்படித்தான் நினைத்தாள். பக்கத்து வீட்டுக் கொரியக்கார அம்மா அவளுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள். மருமகள் டப்பாவையும் தீப்பெட்டியையும் அவளே என் பைக்குள் போட்டாள். "நல்லா வேண்டிக்கோங்க அத்தே."

பஸ்ஸை விட்டு இறங்கிப் பைன் மரங்களுக்கு நடுவில் நடந்தோம். அவ்வளவு அமைதியான இடத்தை நான் பார்த்ததில்லை. ஒரு சின்னக் குளம். அதன் கரையில், மரத் தூண்கள் மேல் உயரத் தூக்கிக் கட்டிய மண்டபம். நுனி வளைந்த ஓட்டுக் கூரை, அடியில் பச்சையும் சிவப்புமாகப் பூ வேலை. பின்னால் மலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.

"மேல ஏறும்போது கழட்டினா போதும்மா. கல்லு ஜில்லுனு கீது" என்றான் மகன்.

"கோயிலுக்குள்ள செருப்போடவாடா?"

அவன் சிரித்துவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்க்கப் போனான். நான் பிரதட்சணமாகச் சுற்றினேன். ஒவ்வொரு பக்கமும் நின்று அண்ணாந்து பார்த்தேன். சுவரே இல்லை. எந்தத் தூணுக்கு நடுவில் பார்த்தாலும் வானமும் மலையும்தான். சாமி உலாவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரி, திரும்பி வரும்போது இருக்கட்டும் என்று மரப்படியில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

எங்கிருந்தோ ஒரு கிழவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அந்த இடத்தின் காவல்காரர். குச்சி என் கையிலேயே அணைந்தது. மகன் ஓடிவந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

"மரம்மா இது! முழுசும் மரம்! எத்தினியோ நூறு வருசமா நிக்குதாம், இன்னிக்கு உன் கையால போயிருக்கும்."

"சாமி வர்ற நேரத்துல…"

"சாமியே இல்லம்மா. அந்தக் காலத்துல பெரிய மனுசங்க உக்காந்து மலயப் பாக்கறதுக்குக் கட்டுனது."

"மலயப் பாக்கவா? அத வெளிய நின்னே பாக்கலாமேடா."

கோபத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்த நாலு வார்த்தையில் காவல்காரரிடம் ஏதோ சொன்னான். வார்த்தை போதாமல், தன் வயிற்றுக்கு முன்னால் கையைப் பெரிதாக வளைத்துக் காட்டினான். அவர் முகம் மாறியது. மேலே போய் உட்காரும்படி எனக்குக் கை காட்டினார்.

உட்கார்ந்தேன். வெட்கத்தில் முதலில் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவில் மலை முழுசாக எதிரே நின்றது. வெளியில் நின்று பார்த்த அதே மலைதான். ஆனால் அப்போது அது தூரத்தில் இருந்தது. இப்போது என்னைப் பார்க்க வந்தது போல் இருந்தது. மயிலாப்பூர் குளத்து மண்டபம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எதைக் கும்பிட்டேன்? தெரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத அந்த இடத்தைத்தானோ? வாய்விட்டு வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு வரவில்லை. அவளுக்குத் தங்கட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

இறங்கி வந்ததும் காவல்காரர் கற்பூரத்தைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தார். குளத்தோரம் இருந்த ஒரு கல்லைக் காட்டினார். தீப்பெட்டியைக் காட்டி, கூடாது என்று தலையாட்டினார். கற்பூரத்தைக் கல் மேல் மலைக்கு எதிரே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மருமகள் கேட்டாள். "ஏத்தினீங்களா அத்தே?"

மகன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடு என்பது போல் கண்ணைக் காட்டினான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏத்த விடலம்மா. அங்க சாமியும் இல்ல. ஒரு கல்லு மேல, மலைக்கு எதுத்தாப்ல வெச்சிட்டு வந்தேன்."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு, "மொளகும் வெச்சீங்களா?" என்றாள்.

"இல்லியே."

"அப்ப தானா கரஞ்சிடும்."

"கரஞ்சிடும்மா. காத்து நல்லா அடிக்குது அங்க."

டப்பாவைக் கொண்டா என்று கை நீட்டினாள். ஒரு துண்டை எடுத்து, படுத்தபடியே எட்டி, தலைமாட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னாள். கூரையில் இருந்த வட்டம் சத்தமே போடவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவளே வைத்தாள். வலி அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை வந்து பயமுறுத்தியது. வந்தால் ஜன்னலைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன்.

மாதம் நிறைந்துதான் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, கடைசியாக வைத்த துண்டு மிளகளவு இன்னும் பாக்கி இருந்தது. ஜன்னலைத் துடைக்கத் துணியோடு போனேன்.

"இருக்கட்டும் அத்தே," என்றாள் மருமகள். "அது முடிக்கட்டும்."