வேலை நடந்தது

போன திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு தேவகி வந்தார். பதினொரு வருடங்களுக்கு முன் ஆம்பூரில் நாங்கள் இந்த வீட்டைக் கட்டியபோது வேலை செய்தவர். மாதனூர் பக்கத்துக் கிராமம். எனக்கு முகம்தான் ஞாபகம் இருந்தது. பெயரை அவரே சொன்னார்.

வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கொத்தனார்களுக்கு ஐந்து நாள் வகுப்பு நடக்கிறதாம். தொழில் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும். கடைசி நாள் செய்முறைத் தேர்வு... பாஸானால் சர்டிபிகேட், போட்டோ ஒட்டிய கார்டு. பழைய வீடுகளை மாற்றிக் கட்டித் தரும் ஒரு கான்ட்ராக்டர், அந்தக் கார்டோடு வந்தால் கொத்தனாராகவே எடுத்துக்கொள்கிறேன் என்று தேவகியிடம் சொல்லியிருக்கிறார். வகுப்பில் சேர ஒரு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும்.

"உங்க வூட்ல பூச்சு வேலை பாத்தேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார்."

கடிதமா? அதுவும் என்னிடமா? தினமும் டைரி எழுதுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும் — இந்தப் பக்கத்திலேயே எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அலமாரியைத் திறந்து அந்த வருடத்து டைரியை எடுத்தேன். எல்லாம் இருந்தது. எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, எந்தெந்த நாள் மழை, சுவரை எத்தனை நாள் நனைத்தோம்... ஆட்கள் கணக்கும் இருந்தது. மேஸ்திரி ஒன்று, பெரியாள் இரண்டு, சித்தாள் ஒன்று.

கலவை சுமக்கும் அந்தச் 'சித்தாள் ஒன்று'தான் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

'தேவகி என்பவர் எங்கள் வீட்டில் சித்தாளாகப் பணிபுரிந்தார்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, வாசித்தும் காட்டினேன்.

"சித்தாளுன்னு போட்டா சேத்துக்க மாட்டாங்க சார். பூச்சு வேலைன்னு போடுங்க."

"டைரில இருக்கறதத்தாம்மா நான் எழுத முடியும்."

அவர் டைரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி சார். எழுதி வெச்சதுதான நிக்கும்" என்றார். கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தப் பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. இந்த அம்மா பூச்சு வேலை செய்தேன் என்கிறார், உங்கள் கடிதத்தில் சித்தாள் என்று இருக்கிறதே என்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது நான் என்ன சொன்னேன்? என் பதிவுகளில் தவறு வராது என்றேன்.

போனை வைத்ததும் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்.

"பொண்ணு கல்யாணம்னு மேஸ்திரி வாணியம்பாடிக்குப் போய்ட்டாரே, ஞாபகம் இருக்குதா? பின்பக்கச் செவுரு, பாத்ரூம் பூச்செல்லாம் அந்தப் பொம்பளதான் பண்ணுச்சு. டீ குடுத்தவ நான். நீங்க கேட்டாண்ட நின்னு சிமெண்ட் மூட்டை எண்ணிக்கினு இருந்தீங்க."

டைரியை மறுபடி புரட்டினேன். அந்த நாட்கள் வரிசையாக இருந்தன. ஒன்பது நாள். ஒன்பது பக்கத்திலும் என் அழகான கையெழுத்தில் ஒரே வாசகம் — 'மேஸ்திரி வரவில்லை. வேலை நடந்தது.'

யார் செய்த வேலை? எழுதியவனுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

தமிழில் இது ஒரு வசதி. வேலை நடக்கும், சமையல் ஆகும், வீடு எழும்பும். செய்தவர் பெயர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். 'நான் கட்டின வீடு' என்று ஊரெல்லாம் சொல்கிறேன். ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை.

உடனே போன் செய்தேன். அன்று மதியத்தோடு சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த வகுப்பு எப்போது? அவர்களுக்கே தெரியவில்லை.

புதிய கடிதம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாதனூர் போனேன். விசாரித்து அவரைக் கண்டுபிடித்தபோது, ஒரு வீட்டில் பாத்ரூமை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ ஒரு கொத்தனார் பூசிக்கொண்டிருந்தார். தேவகி தலையில் கலவைச் சட்டியோடு வந்தார். என் கடிதம் அவரை எங்கே நிறுத்தியதோ, அங்கேயே.

மன்னிப்புக் கேட்டேன். சட்டியை இறக்கிவைத்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மெதுவாகப் படித்தார். 'ஒன்பது நாள் தனியாகப் பூச்சு வேலை செய்தார்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றார்.

"தேதியெல்லாம் கரெக்டா போட்டுக்கிறீங்க" என்றார். கிண்டலா, பாராட்டா? தெரியவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தச் செவுரு எப்டி சார் கீது? எங்கனா விரிசல் வுட்டுச்சா?"

"இல்லம்மா. ஒரு கீறல்கூட இல்ல."

"அதையும் டைரில எழுதிக்கோங்க."

கலவை இறுகிவிடும் என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். இந்த வயதில் காது சூடாவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எழுதியதை அடித்துத் திருத்துவது என் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து ஒன்பது பக்கங்களிலும் 'வேலை நடந்தது' என்பதை அடித்தேன்.

வேலை நடக்கவில்லை. தேவகி செய்தார்.