டிஸ்கில் ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று அணைத்த ஆபீஸ் கம்ப்யூட்டரை இன்று காலைதான் மறுபடி போட்டேன். கிளம்பவில்லை. 'சரியான டிஸ்கைப் போடு' என்று திரையில் ஒரே வரி. உள்ளே இருந்ததே கம்ப்யூட்டரைக் கிளப்பும் அந்த ஃப்ளாப்பி டிஸ்க்தான்.

தாராவியிலிருந்து மெக்கானிக் காதர் பாய் மாட்டுங்காவில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். டிஸ்கை வெளியே உருவித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், டிஸ்க்குல போய் குங்குமம் வச்சிருக்கிய? இந்த ஓட்டை வழியாத்தான மிஷின் படிக்கும்!"

வைத்தது, அன்று ஆபீசுக்குப் பூஜை செய்ய வந்த என் மனைவி ஜானகி. அதன் காகிதக் கவரின் மேல் வை என்றுதான் அன்று சொன்னேன்.

"கவருக்கு வச்சா அது கவருக்குத்தானே பூஜை?" என்றாள்.

அதற்கு மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டாள்.

காதர் பாய் பஞ்சை எடுத்தார். "லேசா தொடச்சா சரியாப் போயிரும் சார்."

"வேண்டாம் பாய். வேற டிஸ்க் போடுங்க."

என் முகத்தைப் பார்த்தவர், பஞ்சை வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் உடனே கிளம்பிவிட்டது.

பொட்டு வைத்த டிஸ்க் மேஜைமேல் இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்கு அதை எங்கே வைப்பது? ஆயுதங்களோடா, அவள் படத்தோடா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதையெல்லாம் அவளிடம்தான் கேட்பேன்.